அறுபத்திரண்டாம் பக்கம்

"இந்தப் புக்கைப் பஜ்ஜியில எண்ணெய் பிழியத்தான் யூஸ் பண்றானுங்க, பாருங்க."

மேனேஜர் ஆறுமுகநயினார் கைப்புத்தகத்தை மேஜை மேல் வீசினார். அட்டையெல்லாம் எண்ணெய்க் கறை, நடுவில் ஒரு தாளைக் காணோம்.

திருவொற்றியூர் ஆசிட் கிடங்கின் மீட்டிங் அறையில் இன்ஜினியர்கள் சிரித்தார்கள். சுவரோரம் நின்றிருந்த நாலு பம்ப் ஆபரேட்டர்களும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் புத்தகத்தை எழுதிய மாயாவுக்குக் காது சுட்டது.

"படிக்காத புக்குக்கு ரைட்டர் எதுக்கு? எழுதத்தானே வரும், திங்கக்கிழமையிலேர்ந்து கேட்ல உக்காந்து பாஸ் எழுதட்டும்" என்றார் மேனேஜர். "போன மாசம் பைப் கசிஞ்சப்போ நான் எந்தப் புக்கைப் பாத்தேன்? ரெண்டே நிமிஷத்துல மூடலியா? எல்லாம் அனுபவம்மா. 'காத்து வர்ற பக்கம் ஓடு'ன்னு எழுதி வெச்சிருக்கியே, இதெல்லாம் டெக்னிக்கலா?"

அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத் தலைமை அலுவலகம் அவருக்குச் சால்வை போர்த்தியிருந்தது. மாயாவோ அந்தப் புத்தகத்துக்காக ஆறு மாதம் வெயிலில் டேங்க் டேங்க்காக ஏறி இறங்கியவள். அழுதுவிடுவோமோ என்ற பயம் போய், இப்போது கோபம் மட்டும்தான் மிச்சம்.

எழுந்தாள்.

"மீதிப் புக்கையும் காலையில நானே போய் எடுத்துட்டு வந்தேன் சார்." பையிலிருந்து நாலு புத்தகங்களை எடுத்து மேஜையில் விரித்தாள். "மொத்தம் அஞ்சு. அஞ்சுலயும் ஒரே பக்கம்தான் இல்ல. அறுபத்திரண்டு. ஆசிட் கசிஞ்சா என்ன செய்யணும்ங்கிற பக்கம். கிழிக்கல, பிளேடு வெச்சு அறுத்திருக்காங்க. பஜ்ஜிக்கு யாரு சார் இவ்ளோ மெனக்கெடுவாங்க?"

"சரி சரி, விடும்மா. எவனாவது விளையாட்டுக்கு அறுத்திருப்பான்" என்றார் மேனேஜர் அவசரமாக.

"வெளையாட்டு இல்ல சார்." ஆபரேட்டர் பிராங்கிளின் ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். "நான்தான் அறுத்தேன். பைப்பு புட்டுக்கிச்சுன்னா ரூமுக்கு ஓடியாந்து புக்கைத் தேடிக்கினு கெடக்க முடியுமா? அக்கா எழுதுனது நமக்குப் புரியுது. அதான் தலையிலயே வெச்சிக்கினு கீறேன்."

மற்ற மூன்று பேரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். மேஜை மேல் நாலு தாள்கள் சேர்ந்தன. இன்ஜினியர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மாயாவின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

"நாலு பம்ப் ஹவுஸ் புக்கு, நாலு பக்கம். சரியாப் போச்சு" என்றவள், அஞ்சாவது புத்தகத்தை எடுத்து மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

"இது உங்க ரூம்ல இருந்த புக்கு சார்."