ஏழாவது காலர்

தம்பியின் சட்டைக் காலர் மறுபடியும் கிழிந்து வந்திருந்தது. மூன்று மாதத்தில் இது ஏழாவது தடவை.

சீருடை தைக்கும் கம்பெனியில் இருபது வருடம் மெஷின் மிதித்தவள் அக்கா. துணி தானாகக் கிழிந்ததா, யாராவது கிழித்ததா என்பது அவளுக்குத் தொட்டாலே தெரியும். இது பின்னாலிருந்து ஒரு முரட்டுக் கை கொத்தாகப் பிடித்து இழுத்த கிழிசல்.

கேட்டால், நாடகம் என்றால் அப்படித்தான் என்று மழுப்பினான்.

தம்பி கோமாளி. பெயிண்ட் கடை மாடியில், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஓர் அறையில், சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் சனத்தைச் சிரிக்கவைப்பான். கூட இன்னொரு கோமாளி. ஆள் பனைமரம் மாதிரி இருப்பதால் நெட்டை என்றுதான் பெயர்.

கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் தம்பிக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமை வந்து சேரவில்லையென்றால் வேறு ஆள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சனிக்கிழமையும் வேலை உண்டு. அதனால் நாடகத்துக்கு முழுக்குத்தான். தம்பியோ இரண்டு வாரமாகப் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தான்.

இன்று கையோடு இழுத்து வந்துவிடுவது என்று அவளே கிளம்பிப் போனாள். வீட்டில் பார்க்கிற கோமாளித்தனம் போதாதா என்று இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவள்.

திரை விலகியது. சட்டி கவிழ்த்தது போல ஒரு தொப்பி, நடந்தால் கீச் கீச்சென்று கத்துகிற பூட்ஸ் சகிதம் தம்பி வந்தான். பின்னாலேயே நெட்டை. கையில் தம்பியின் காலர்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காலரை விட்டால் காதைப் பிடித்தான் நெட்டை. காதைப் பிடித்தபடியே மேடையை நாலு சுற்று சுற்றினான். விட்டுவிட்டுக் கையை ஓங்கினான். பளாரென்று ஒரு சத்தம். தம்பி மூன்று குட்டிக்கரணம் அடித்துச் சுவரில் மோதி நின்றான். அங்கே பூட்ஸ் கீச்சென்றதும் ஓர் உதை. இந்தப் பக்கம் கீச்சென்றதும் இன்னொன்று. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. பாழாய்ப்போன சிரிப்பும் வந்து தொலைத்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் நெட்டை மேசைமேல் நாற்காலி போட்டு அதன்மேல் ஏறி நின்றான். தலை கூரையைத் தொட்டது. எங்கேயோ பார்த்தபடி, தெருவில் நடக்கிறவன் போல, வெறும் காற்றில் காலைத் தூக்கி வைத்தான்.

அறையே மூச்சை நிறுத்தியது.

எங்கிருந்தோ கீச் கீச்சென்று ஓடிவந்த தம்பி, அந்தக் கால் இறங்குகிற இடத்தில் குனிந்து தன் தோளைக் கொண்டுபோய் வைத்தான். ஒரு விரற்கடை பிசகவில்லை. இறகு இறங்குவது போல இறங்கியது அந்த மலை. அக்காவுக்குப் புல்லரித்தது. இதற்காகவாவது இவனை நாடகத்திலேயே விட்டுவைக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தவள், அடி வாங்கினவன் தோளில் நின்று அடித்தவன் கும்பிடு போடுவதைப் பார்த்ததும் பொங்கி எழுந்தாள்.

திரைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. தம்பி வெளியே மேசையை ஓரங்கட்டிக்கொண்டிருந்தான். நெட்டை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நீங்கல்லாம் மனுஷன்தானா? அவனும் ஒருத்திகூடப் பொறந்தவன்தான். மாடு மாதிரி இழுக்கிறீங்க. ஏழு சட்டை தைச்சுக் குடுத்துட்டேன். நாளைக்குக் காது பிஞ்சா அதையும் நான்தான் தைக்கணுமா?"

நெட்டை பதறி எழுந்தான். "அக்காவா? வாங்கம்மா, உக்காருங்க" என்று பணிவாகக் கும்பிட்டான்.

அவளைப் பார்த்து அல்ல. அவளுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்து.

"இங்கயும் கோமாளித்தனமா?" என்று சீறியவள், நாற்காலியைத் தேடி அவன் கை காற்றில் துழாவுவதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

கதவருகே கீச்சென்றது. நெட்டையின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. கை தானாக நீண்டது. தம்பி வந்து, பழகின மாடு மாதிரி, அந்தக் கைக்குள் தன் காலரைக் கொடுத்தான்.

யார் யாரை இழுத்துக்கொண்டு சுற்றினார்கள் என்று அக்காவுக்கு இப்போதுதான் புரிந்தது.

"எவ்வளவு நாளாடா?"

"மூணு மாசமாக்கா. அண்ணனுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியுதாம்."

"அப்போ பளார்னு விழுந்த அந்த அறை?"

"சத்தம் என் கைதான். அடி வாங்குறவன்தான் தட்டிக்கணும். அண்ணன் கை என்மேல படவே படாது."

அவள் நெட்டையைப் பார்த்தாள். "அந்த நாற்காலி மேலேருந்து..."

"கீச்சு கேட்டா காலை வெப்பேம்மா" என்றான் அவன், ஏதோ படி இறங்குகிற விஷயம் போல.

வேலைக்குப் போகச் சொல்லித் தானும் தினம் சண்டை போடுவதாகவும், பயல் கேட்டால்தானே என்றும் சொன்னான். தம்பி கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு மெல்ல, "யாருகிட்டயும் சொல்லிடாதக்கா. தெரிஞ்சா பாவம்னு பார்ப்பாங்க. அப்புறம் ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க" என்றான்.

அக்கா கிட்டே போனாள். நெட்டையின் பிடியில் இருந்த காலரை, பிடியைக் கலைக்காமல், ஓரத்தில் மட்டும் தடவிப் பார்த்தாள். தையல் எட்டாவது தடவையாக விட ஆரம்பித்திருந்தது.

"வீட்டுக்கு வந்ததும் கழட்டிக் குடு" என்றாள். "உள்ள இன்னொரு கேன்வாஸ் துணி வெச்சு ரெட்டைத் தையல் போடறேன். ஒரு ஆள் பாரம் தாங்கணுமில்ல."