கதவு எந்தப் பக்கம்?

துர்மிதோர் மலையில் விருந்தாளிகளுக்காகக் கட்டும் குடிலுக்கு அன்று கதவு மாட்ட வேண்டும். தச்சர் வுக்சன், வரைபடத்தில் உள்ளபடி மாட்ட மாட்டேன் என்று கீலும் கையுமாக நின்றார்.

"உள்பக்கமாத்தான் திறக்கணும் சார்."

தலைநகரிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஆந்த்ரியா, குடிலையே சுற்றிவிடும் நீளத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"மேஸ்திரி, வெளியே திறக்கிற கதவுங்கிறது மலையைக் கட்டிப்பிடிக்க நீளுற கை!"

"பனி குவிஞ்சா மலைதான் சார் வந்து கதவைக் கட்டிப்பிடிக்கும். அப்புறம் விடாது."

"இதைப் பத்திப் புத்தகமே எழுதியிருக்கேன்யா!"

"அதோட அட்டை எந்தப் பக்கம் சார் திறக்கும்?"

கொத்தனார்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆந்த்ரியாவின் முகம் சிவந்தது.

"மேலே எங்க பேராசிரியர் வரைஞ்ச குடில் இருக்கே, பரிசு வாங்கினது! அதோட கதவு வெளியேதானே திறக்குது? அதை மாட்டினவனுக்கு உம்ம அளவுக்கு அறிவில்லையோ?"

"இருந்துச்சு சார். ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். பேராசிரியர் முறைச்சதும் பேசாம மாட்டிட்டான்."

"அதனால என்ன குடி முழுகிப்போச்சு?"

"அந்த ஜனவரியில கூரை உயரத்துக்குப் பனி. ஜன்னலோ கையகலம். உள்ளே தங்கினவன் நாலு நாள் கதவைத் தள்ளியிருக்கான். ஒரு இம்மி அசையல. அவ்வளவு உறுதியா மாட்டியிருந்தேன்."

"நீங்களா?" ஆந்த்ரியாவின் குரல் இறங்கியது. "தங்கினது யாரு?"

வுக்சன் கீலைப் பார்த்தபடியே சொன்னார்.

"'எங்க அப்பா மாட்டின கதவு, பயமில்லாம தூங்கலாம்'னு சிரிச்சுக்கிட்டே ஏறிப் போனான் சார், என் பையன்."