பாஸ்டருக்கு இடமில்லை

“இடம் கிடையாது தம்பி” என்றார் யோபு சார், காபி டம்ளரைக் கீழே வைக்காமலே.

வாசலில் நின்ற முனியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவன் அப்பா பாஸ்டர் செல்லப்பாண்டி விடிகாலையில் இறந்துபோயிருந்தார். பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை வைத்து ஒரு ஓட்டு வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தியவர். அந்தச் சபைக்கென்று கல்லறைத் தோட்டம் எதுவும் இல்லை.

“ஆர்.சி. கோயில்ல கேட்டேன் சார். அவுக ஆளுகளுக்கு மட்டுந்தானாம். சாத்தூருலயும் அதையேதான் சொல்லிட்டாக.”

எதிலும் ஒத்துப்போகாத சபைகள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

“எங்க சி.எஸ்.ஐ.லயும் அதே சட்டந்தான். அங்கத்தினருக்கு மட்டும். எழுதுனதே நான்தான்.”

யோபு சார் சபையின் செயலாளர். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வேறு.

கதவோரம் நின்ற அவர் மனைவி பாக்கியவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீம்பு எதனால் என்று அவளுக்குத் தெரியும். யோபுவின் தங்கச்சி குடும்பத்தையே வெம்பக்கோட்டை அணையில் முக்கியெடுத்து, மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தவர் செல்லப்பாண்டி. குழந்தையாக இருக்கும்போது தலையில் தெளித்த தண்ணீர் செல்லாது என்றவர். ஏழு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

“பொளுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணணும் சார். அம்மா ஒரே அளுகை.”

யோபு அவனை மேலும் கீழும் பார்த்தார். “அப்பா என்ன உசரம்?”

முனியராஜ் விழித்தான். “உங்க உசரந்தான் சார் இருப்பாரு.”

“சரி, வீட்டுக்குப் போ.”

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், பாக்கியவதி பிடித்துக்கொண்டாள்.

“செத்த மனுசன்கிட்டயா வீறாப்பைக் காட்டுவீக? போன மாசம் ஐக்கிய ஆராதனையில மைக்கைப் பிடிச்சு, நாம எல்லாரும் ஒரே சரீரம்னு அம்புட்டு நேரம் பேசினீகளே.”

“சட்டம்னா சட்டந்தான்.”

பீரோவைத் திறந்து, சிவகாசியில் பளபளவென்று அச்சடித்த சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஜெனிட்டா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்தவள், “பாஸ்டரை உங்க சி.எஸ்.ஐ. தோட்டத்துல அடக்கம் பண்றாகளாம், நாலு மணிக்கு” என்றாள்.

பாக்கியவதிக்கு நம்ப முடியவில்லை. பிஷப்பே போன் போட்டுச் சொன்னாரா? கமிட்டிக்காரர்கள் இவரை மீறிவிட்டார்களா? தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது போலிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

தோட்டத்தில் குழிவெட்டுகிற பெத்தணன் இடுப்பளவு ஆழத்தில் நின்றான். மேலே யோபு டேப்பைப் பிடித்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தார். குழி இருந்த இடத்தைப் பார்த்ததும் பாக்கியவதிக்குப் பகீரென்றது. அவள் மாமியார் கல்லறையை ஒட்டி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து ரிசர்வ் பண்ணி வைத்திருந்த இடம்.

“ஏங்க, இது நம்ம இடம்லா?”

“ஆமா. சபை இடத்தைத்தான் வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது. ரிசர்வ் பண்ணுன இடத்துல யாரை வைக்கணும்னு சட்டத்துல ஒண்ணுமே இல்லை. எழுதும்போது விட்டிருக்கேன்.”

“எனக்குள்ளதைக் குடுத்துட்டீகளா?”

“உன்னுதை நான் எப்பிடிக் குடுக்க? என்னோடதுதான்.”

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர். செத்தாலும் பக்கத்தில்தான் இருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

“உங்களுக்கு வேற இடம் தருவாகள்ல?”

“தர மாட்டாக. ஒரு அங்கத்தினருக்கு ஒரே இடம். அதையும் நான்தான் எழுதினேன். இனிமே பாஸ்டர் மாதிரி நானும் இங்க வெளியாளுதான்.”

“அந்தச் சட்டத்தைத்தான் மாத்தித் தொலைங்களேன்.”

“காலைலயிருந்து கமிட்டிக்காரங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயிக் கேட்டுட்டேன். ஒருத்தரும் ஒத்துக்கலை.”

“அப்ப நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா?”

யோபு டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“என்னைய நடு வீட்டுல வச்சுக்கிட்டு சட்டத்தை மாத்தட்டும்.”