ரெண்டு வருஷம் ஆகும்

அப்பா என்னைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போய்விடலாமா என்று அவர் யோசித்தது செருப்பிலேயே தெரிந்தது. ஒரு கால் லிஃப்ட் பக்கம் திரும்பி நின்றது.

பிறகு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மருத்துவமனையின் மூன்றாவது மாடி, காலை பத்தேகால். நடைவழியில் எங்களைத் தவிர நாலைந்து பேர். எல்லோரும் அவரவர் போனுக்குள்.

"நீ இங்க என்ன பண்ற?"

"துணி துவைக்கப் போட்டப்ப உங்க சட்டைப் பையில சீட்டு இருந்துச்சு."

அவர் போனை எடுத்து எதையோ தட்டி யாருக்கோ அனுப்பிவிட்டு, மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சீட்டைப் பார்த்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கல்லீரல், இதயம், ரத்தம் உறையும் தன்மை என்று வரிசையாகப் பரிசோதனைகள். அடியில் இன்றைய தேதி, நேரம், இந்த மாடி. எனக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் நோய்களைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவள். முதல் பக்கத்தில் இப்படி ஒரு பட்டியல் இருந்தால் ஏழாவது பக்கத்தில் என்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

பதினோரு நாளும் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அம்மா பாட்டுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு வாயடித்துக்கொண்டு இருந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாதே என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இனியும் தாங்காது என்று கேட்டேவிட்டேன்.

"எவ்வளவு நாள்னு சொல்லியிருக்காங்க?"

அப்பா என் முகத்தையே பார்த்தார். இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டியதுபோல அவர் தோள் தளர்ந்தது.

"ரெண்டு வருஷம் ஆகும்ங்கறாங்க. இந்த வயசுல மெதுவாத்தான் போகணுமாம்."

நான் வாய்விட்டு அழுதேன். போன்களிலிருந்து தலைகள் நிமிர்ந்தன.

"ஏய், அழாதம்மா. நல்லா யோசிச்சுத்தான் முடிவு பண்ணினேன். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

"ரெண்டு வருஷத்துல செத்துப் போறவருக்கு உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?"

"யாரு சாகறா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. தனக்கு ஒரு நோயும் இல்லை, ரிப்போர்ட்டெல்லாம் சுத்தம் என்றார். அப்படியானால் எதற்கு இரண்டு வருடம் என்றேன்.

சொன்னார். தரையைப் பார்த்தபடி, சரக்குப் பெட்டியை இறக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். தான் ஆண் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. ஏழு வயதிலேயே தெரியும், சொல்லத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. எட்டு மாதமாக இங்கே ஆலோசகரிடம் பேசியாயிற்று. பெண்ணாக மாறுவதற்கான மருந்தை இன்று தொடங்குகிறார்கள். உடம்பு அதற்கு இணங்கி வரத்தான் இரண்டு வருடம்.

அப்பா துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம் கிரேன் ஓட்டியவர். போன வருடம்தான் ஓய்வு பெற்றார்.

"இத்தனை வயசுக்கப்புறம் எதுக்குப்பா?"

"கீழ இறங்கினா வேஷம் கட்டணும். மேல கேபின்ல எட்டு மணி நேரம் யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்க. அங்க மட்டும் நான் பொம்பளையா உக்காந்திருப்பேன். பெருசா ஒண்ணும் பண்ண மாட்டேன், சும்மா அப்படி இருப்பேன். ரிட்டயரானதும் அந்த இடமும் போச்சு. மிச்சம் இருக்கற நாளையாவது தரையில நானா இருந்து பார்க்கலாம்னுதான்."

எனக்கு அதிர்ச்சி வந்திருக்க வேண்டும். பின்னால் வரலாம், கேள்விகளும் வரலாம். அந்த நிமிடத்தில் போன உயிர் திரும்பி வந்தது, அவ்வளவுதான். பதினோரு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காப்புக் காய்த்த அந்தக் கை என் விரல்களை இறுக்கிக்கொண்டது.

"இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறது?"

"அப்பான்னுதான். அது என் உத்தியோகம். அதுலேர்ந்து நான் ரிட்டயராகல."

நான் சிரித்தபடியே மூக்கைச் சிந்தினேன். செவிலி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கதவு மூடிய பிறகுதான் அம்மாவின் நினைவு வந்தது. இதை அவளிடம் யார் சொல்வது? எந்த வாயால் சொல்வது?

கைப்பையில் போன் அடித்தது. அம்மா.

என்ன பொய் சொல்வது என்று தீர்மானிப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது.

"சொல்லிட்டாளா?" என்றாள் அம்மா.

யாரைக் கேட்கிறாள் என்று ஒரு கணம் விளங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவை 'அவர்' என்பதற்குக் கீழே இறக்கியறியாதவள் அவள்.

"சொல்லிட்டாங்கம்மா."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"நல்லதாப் போச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எட்டு மாசமா என் உயிரை வாங்கிட்டா. காலையில ஒண்ணும் சாப்பிடாம வேற கிளம்பிட்டா. வெளிய வந்ததும் எங்கயாவது கூட்டிட்டுப் போய் முதல்ல சாப்பிட வை அவளை."