ஹாரன் இல்லாத இறக்கம்

மலையிறக்கத்தில் மழை வலுத்த நேரம் பார்த்து வைப்பர் நின்றுபோனது. செல்வின் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் வைப்பர் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான். உள்கம்பி கருகி அறுந்திருந்தது. கைவசம் வேறு இல்லை. ஹாரனுக்கும் அதே நிறத்தில் ஒன்று இருந்தது. அதைக் கழற்றி வைப்பருக்குப் போட்டான். இப்போது பாதை தெரிந்தது, வண்டிக்கு வாய் போய்விட்டது. வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி, "வண்டி வருது, வண்டி!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது. மகள் ஷீபாவைப் புதைத்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனைவி ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீயாச்சும் ஒரு சத்தம் குடேன்" என்றான், குடுக்க மாட்டாள் என்று தெரிந்தே. அடுத்த வளைவில் அவள் கண்ணாடியை இறக்கி, மழைக்குள் முகத்தை நீட்டி, "ஷீபா!" என்று கூப்பிட்டாள். அதற்கடுத்த வளைவிலும் கூப்பிட்டாள். விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல். அடிவாரத்தில் கடைக்காரர் புது ஃபியூஸை நீட்டி, "நானே போட்டு விட்டுரவாண்ணே?" என்றார். செல்வின் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். நேரான சாலை தொடங்கியதுமே ஜெசிந்தா கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். உதடுகள் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை மலைப்பக்கமே திருப்பினான்.