குப்பை தின்னும் புழு

அம்மிக் குழவியோடு பிலோமினா புறவாசலில் நின்றாள். பிளாஸ்டிக் குப்பையைத் தின்பதற்காக மாநகராட்சி விட்ட அந்துப்பூச்சியின் புழுக்கள், விரலைவிடத் தடியானவை, அவள் வீட்டு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தன. நாலைந்தை நசுக்கியிருப்பாள். அதற்குள் மாநகராட்சி ஆள் பக்கவாசல் வழியே வந்துவிட்டான்.

"யக்கா, அதக் கொல்லப்படாது. கேஸாயிரும்."

"தொட்டியத் திங்குதுல்லா?"

"அது குப்பைய மட்டுந்தான் திங்கும். ஒங்க தொட்டி பழசாருக்கும்."

வீட்டுக்குள் அவள் கணவர் கஸ்பார் மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது. பிலோமினா ஓடினாள். அவனும் பின்னாலேயே போனான். கஸ்பாரின் மூக்குக்குப் போகும் ஆக்சிஜன் குழாயில் ஒரு புழு சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓட்டையை விரலால் பொத்தினாள். அவருக்கு மூச்சு சீரானது.

"ஏல, இதுவும் குப்பையா?"

அவன் கையைப் பிடித்திழுத்து, விரலை ஓட்டையின்மேல் வைத்து அழுத்தினாள். பிறகு குழவியை எடுத்துக்கொண்டாள்.

"நல்லாப் பொத்திப் புடி. நான் போயி மிச்சத்தையும் கொன்னுட்டு வாரேன். கைய எடுத்த, கேஸ் உம்மேல."