மாப்பிள்ளை கேட்ட பெட்டி

"உருட்டிக்கொண்டு போகச் சில்லுப் பூட்டின டூல்ஸ் பெட்டியாம். மாப்பிள்ளை கேட்டவராம். உமக்கு வெக்கமா இல்லையோ, அல்பேட்?"

சிவநேசத்தார் கடை என்றும் பாராமல் சத்தம் போட்டார். 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல வந்த விற்பனைப் பெண் அப்படியே அடுத்த வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.

அல்பேட்டின் மகள் றெபேக்காவுக்கு வருகிற சனிக்கிழமை கலியாணம். "டூல்ஸ் பெட்டி ஒண்டு வாங்கவேணும், வந்து பாத்துச் சொல்லுங்கோ அண்ணை" என்று அல்பேட் கேட்டபோது சிவநேசத்தாருக்கு உச்சி குளிர்ந்துதான் போனது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நகரில் வீட்டுக் கராஜைப் பட்டறையாகவே வைத்திருக்கிற தமிழர் அவர்தானே! தன் வான் வண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டி யாருடைய வீட்டுக்குப் போகிறது என்பது கடைக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

"மாப்பிள்ளை முதல்ல சீதனம் ஒண்டும் வேண்டாம் எண்டுதான் சொன்னவர் அண்ணை. பேந்து என்ர மனுசி இமெல்டாட்டப் பெட்டி கேட்டிருக்கிறார். பெட்டி வந்தாத்தான் கலியாணமாம்" என்று சொல்லிவிட்டு அல்பேட் சிரித்தார்.

சிரிக்கிறாரே மனிதர்! சங்கக் கூட்டத்தில் சீதனத்துக்கு எதிராகச் சிவநேசத்தார் பேசத் தொடங்கினால் ஒலிவாங்கியைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டும். அவர் கையாலேயே சீதனப் பெட்டி தெரிவு செய்வதா?

"அண்ணை, நான் சொல்லுறதை முழுக்கக் கேளுங்கோ..."

"ஒண்டும் சொல்லவேண்டாம். அந்தப் பிள்ளை துறைமுகத்தில கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து கண் பூத்துப்போக உழைக்குது. இவர் காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு பெட்டி கேக்கிறாரோ?"

"கொம்பியூட்டரோ? இல்லை அண்ணை, அவள்..."

"பேசாதையும்!"

சிவநேசத்தாருக்கு வாய் திறந்தால் காது அடைத்துவிடும். அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

மூலையில் இருந்த சிவப்புப் பெட்டியைக் காட்டினார். "அவருக்கு அந்த மலிவுச் சாமானே காணும்."

அல்பேட் பணிவாகப் போய் ஒரு லாச்சியை இழுத்தார். பாதி வந்து சிக்கிக்கொண்டது.

"சீ, விடும்! வெறும் தகரம். நாலு ஸ்பானர் வைச்சா வளைஞ்சு போகும்."

கோபம் இருந்தது, உண்மைதான். ஆனாலும் பகையாளிக்குக்கூடக் கெட்ட சாமான் தெரிவு செய்து கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தானே போய் ஒரு கறுப்புப் பெட்டியைப் பிடித்தார். கீழ் லாச்சியை முழுக்க இழுத்து, முழங்கையை ஊன்றிப் பார்த்தார். அசையவில்லை.

"பாத்தீரோ? லாச்சி முழுக்க வெளியில வரவேணும். அப்பதான் பின்னுக்குக் கிடக்கிறதும் கையில அகப்படும். பாரச் சாமான் எல்லாம் கீழ. மேல போட்டா, லாச்சியைத் திறக்கப் பெட்டி ஆளுக்கு மேல விழும்."

ஒரு கணம் யோசித்தார். "மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லவேண்டாம். விழட்டும்."

பெட்டியை வானில் ஏற்றிக்கொண்டு கர்க்லாண்டில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். வழி நெடுக அல்பேட் வாயைத் திறந்தார், சிவநேசத்தார் மூடினார்.

மாப்பிள்ளை டெனிஸ்டன் கராஜ் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு பக்கம் கூட்டித் துடைத்துப் பெட்டிக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் சிவநேசத்தாருக்கு இன்னும் ஏறியது.

"தம்பி, பெட்டி வந்தாத்தான் கலியாணம் எண்டது நீரோ?"

"ஓம் அங்கிள், நான்தான்."

"அதையும் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுறீர்! இதுக்குள்ள என்னத்தை வைக்கப்போறீர்?"

"எனக்கென்ன தெரியும் அங்கிள்? பல்ப் மாத்திறதெண்டாலே நான் றெபேக்காவைத்தான் கூப்பிடுறனான்."

"பெட்டி வந்திட்டுதோ!"

வீட்டுக்குள்ளிருந்து றெபேக்கா ஓடிவந்தாள். வானில் தாவி ஏறி, கீழ் லாச்சியை முழுக்க இழுத்து முழங்கையை ஊன்றினாள். பிறகு சில்லின் பூட்டைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா, சூப்பர்! ஆர் பாத்து எடுத்தது?"

சிவநேசத்தார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, நீ துறைமுகத்தில என்ன வேலை செய்யிறனி?"

"கொண்டெய்னர் தூக்கிற மெஷின் எல்லாம் பழுதானா நாங்கள்தான் அங்கிள் திருத்திறது. அம்மா அதை வெளியில சொல்லமாட்டா."

"இதைத்தான் அண்ணை கடையில தொடங்கி நானும் சொல்ல வாறன்" என்றார் அல்பேட்.

சிவநேசத்தாருக்கு முதலில் வெட்கம் வந்தது. பின்னாலேயே பொங்கிக்கொண்டு சந்தோசமும் வந்தது. நாலு பேரும் சேர்ந்து பெட்டியை இறக்கினார்கள். றெபேக்கா அதை உருட்டிக்கொண்டு உள்ளே போக, அவர் டெனிஸ்டனின் தோளில் கை போட்டார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா இதைப் போய் ஏன் சீதனமாக் கேட்டனீர்?"

டெனிஸ்டன் குரலைத் தாழ்த்தினான்.

"கலியாணத்துக்குப் பிறகு கிறீஸ் பிடிச்ச வேலை வேண்டாம் எண்டு மாமி அவளின்ர பழைய பெட்டியை ஆருக்கோ குடுத்திட்டா. அம்மா ஓம் எண்டாத்தான் வேலைக்குப் போவன் எண்டு இவள். அவளை வேலைக்கு விடுங்கோ மாமி எண்டு எவ்வளவோ கெஞ்சினன் அங்கிள், அசையேல்லை. பொம்பிளையோட அவளின்ர டூல்ஸ் பெட்டியும் சீதனமா வரவேணும் எண்டு ஒருக்காத்தான் சொன்னன், 'அதுக்கென்ன தம்பி, திறமானதா வாங்கித் தாறம்' எண்டிட்டா!"